அறுத்த பாவு

சேவூர் நெசவுத் தெருவில் சோபியாவைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது, எந்த மாதம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சித்திரையில் கேட்டவர்களுக்கு, ‘தாயும் இல்ல, தகப்பனும் பூட்டான், பாவம்’ என்ற பதில் கிடைத்தது. வைகாசியில் கேட்டவர்களுக்கு, ‘அப்பனை முழுங்கினவ’ என்று கிடைத்தது. ஆள் ஒருத்திதான். வீடும் அதேதான்.

இருபத்து நாலு வயது. ஒல்லி. தலையைக் குனிந்துகொண்டே நடப்பாள். வெட்கம் அல்ல. தெருவில் கிடக்கும் ஸ்க்ரூ, வாஷர் எதையும் விடமாட்டாள். அம்மா ரோஸி மஞ்சள் காமாலையில் போனபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. அண்ணன் ராபர்ட் ஓசூரில் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். வீட்டில் மிச்சம் அவளும், அப்பா பவுல்துரையும், ஒரு குழித்தறியும்.

பவுல்துரை பட்டு நெய்பவர். தெருவுக்கே பவுல் அண்ணன். யார் வீட்டில் மிக்ஸி சுற்றாவிட்டாலும், தண்ணீர் மோட்டார் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். படித்துக் கற்றதல்ல, பிரித்துப் பார்த்துக் கற்றது. மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்ததும், “என் பொண்ணு இன்ஜினியரு” என்று சொல்ல ஆரம்பித்தார்.

“டிப்ளமோப்பா அது.”

“அத நீ சொல்லிக்க. நான் இன்ஜினியருன்னுதான் சொல்லுவேன்.”

பட்டுச் சேலையில் கரையும் முந்தியும் விழுவதற்கு, தறியின் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். நெய்பவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து மிதித்து அந்தப் பெட்டியைத் தூக்க வேண்டும். கல் மாதிரி கனக்கும். நாள் பூராவும் மிதித்தால் முழங்கால் என்னாகும்? பவுல்துரை தறியை விட்டு எழும்போது கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார். சோபியா அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்.

ஆரணியில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை கிடைத்த பிறகு அவள் செய்த முதல் காரியம், அந்தப் பெட்டியைத் தூக்க ஒரு சின்ன மோட்டார் வைத்ததுதான். மிதி இருந்த இடத்தில் ஒரு சுவிட்ச். கால்விரல் பட்டால் போதும், பெட்டி எழும்பும். முதல் நாள் நெய்துவிட்டு அப்பா சிரித்தார். “வேல செஞ்ச மாதிரியே இல்லடி. தூங்கி எழுந்த மாதிரி கீது.”

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் சத்தம் கேட்டு வந்தாள். புருஷன் இல்லை. மகன் சிவகுமார் சென்னையில் கார் ஓட்டுகிறான். தறிதான் சோறு. முட்டி இரண்டும் வீங்கி, படி ஏற சுவரைப் பிடிப்பவள். மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“சோபி, அத்தைக்கும் ஒண்ணு போட்டுக் குட்றி. உன் கல்யாணத்துக்கு நானே சேல நெய்யிறேன்.”

ஒரு வருஷத்தில், தன் வீட்டையும் சேர்த்து, தெருவில் ஒன்பது வீட்டுக்கு அவள் மோட்டார் போட்டாள். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ட்ரிப்பர் வைத்தாள். வயர் எங்காவது உரசிக் கரண்ட் கசிந்தால், ஆள்மேல் பாயும் முன்பே அது தானாக விழுந்து லைனை அறுத்துவிடும். கடையில், ‘அது எதுக்கு, தண்டச் செலவு’ என்றார்கள். அது இல்லாமல் போடமாட்டேன் என்றாள்.

ஒன்றை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. தெரியாத விஷயமும் இல்லை. வெயில் ஏறினால் பட்டு இழை காய்ந்து பட்பட்டென்று அறும். அதனால் பங்குனி பிறந்ததும் தறிக் குழியில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஈரச் சாக்கு போடுவார்கள். அந்த ஈரம் மேலே ஏறி இழையை இளக்கிவைக்கும். நெய்பவர் பாதம் நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும். பட்டுக்கு அது உயிர். ட்ரிப்பருக்கு அது கசிவு. பங்குனியில் ஒன்பது வீட்டிலும் ட்ரிப்பர் விழ ஆரம்பித்தது. எழுந்து போய்த் தூக்கிவிட்டு உட்கார்ந்தால் மறுபடி விழுந்தது.

“பேஜாரா கீதும்மா உன் பொட்டி. முகூர்த்த சேல கையில கீது, இது சும்மா சும்மா வுழுதே” என்றார்கள் வீட்டுக்கு வீடு.

“வுழறது நல்லதுக்குத்தான். கொஞ்சம் பொறுங்க, வேற வழி பாக்கறேன்” என்றாள்.

சித்திரை பிறந்ததும் புகார் நின்றுபோனது. பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். தெருவில் எல்லாத் தறியும் கேட்டது. அவள் வீட்டுத் தறி கேட்கவில்லை. உள்ளே அப்பா தறிக்கட்டையின்மேல் கவிழ்ந்திருந்தார். கால்கள் குழிக்குள் ஈரச் சாக்கின்மேல். முதலில் மெயினை அணைத்தாள். பிறகுதான் தொட்டாள். இழுத்துத் தரையில் போட்டு, பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சை அழுத்தினாள். விலா ஒன்று முறியும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அழுத்தினாள். அவள் அலறல் கேட்டு வந்த கிருஷ்ணம்மாள், “அய்யோ அண்ணே” என்று கத்திக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

அப்பா போய்விட்டார் என்பது சோபியாவுக்குத் தெரிந்துவிட்டது. தலை நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். ட்ரிப்பர் விழாமல் நிமிர்ந்து நின்றது. மூடியைக் கழற்றினாள். உள்ளே, ட்ரிப்பருக்கு வர வேண்டிய கம்பிகளை நேராக மோட்டார் கம்பிகளோடு சேர்த்து முறுக்கியிருந்தது. முறுக்கின்மேல் டேப். டேப் அவிழாமல் இருக்க, அதன்மேல் அரக்கு நிறப் பட்டு இழை சுற்றியிருந்தது. தறியில் அன்று நீளவாக்கில் கட்டியிருந்த பாவும் அரக்கு. அப்படி முறுக்கி இழை சுற்றுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

மோட்டார் வயர் இரும்புச் சட்டத்தில் உரசித் தோல் போயிருந்தது. கொல்லையில் புதைத்த எர்த் கம்பி, மண் காய்ந்து செத்திருந்தது. குழியில் இருந்த அப்பாவின் காலைவிட நல்ல எர்த் அந்த வீட்டில் வேறு இல்லை.

இதை யாரும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் தோன்றியது. முறுக்கை அவிழ்த்தாள். கம்பிகளை ட்ரிப்பரில் பழையபடி மாட்டினாள். மூடியைப் போட்டாள். இழையும் டேப்பும் கம்பித் துண்டுகளும் அவளுடைய டிபன் பாக்ஸுக்குள் போயின. ஆட்டோ வந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி போர்டைப் பார்த்தார். “ட்ரிப்பர் கீது, வேல செய்யல. யாரு ஃபிட் பண்ணது?”

“நான்தான் சார்.”

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதல் வாரம் சோறு கொண்டுவந்தவர்கள் அடுத்த வாரம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். கடையில், ‘கொஞ்ச நாள் வராதம்மா’ என்றார்கள். சர்ச்சில் அவள் போய் உட்காரும் பெஞ்சில் அவள் மட்டுமே உட்கார்ந்தாள். ராபர்ட் அடக்கம் முடிந்த மறுநாளே கிளம்பினான். பஸ் ஏறும்போது, “எதுக்குடி உனக்கு இந்த வேலையெல்லாம்?” என்றான். அவனிடமும் அவள் சொல்லவில்லை. எல்லாரையும்விடக் கிருஷ்ணம்மாள்தான் சத்தமாகப் பேசினாள். குழாயடியில் சோபியா குடத்தை வைத்தால் தன் குடத்தைத் தள்ளி வைப்பாள். “படிச்சவ கைய நம்பினாரு மனுசன். குழியில எறக்கிட்டா.”

சோபியா பதில் பேசவில்லை. பேசினால் அப்பாவைச் சொல்ல வேண்டும். தன்னைச் சொல்லட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். ஒரு ஆளுக்கு ஆழாக்கு அரிசி போட்டாள். அதிலும் மீந்தது. அப்பாவின் தறியில் பாதி நெய்த அரக்குச் சேலையின்மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினாள்.

வைகாசிக் கடைசியில் பஸ் நிறுத்தத்தில் ஜெயவேல் நின்றிருந்தார். தெருக்கோடி வீடு, அவள் மோட்டார் போட்ட ஐந்தாவது ஆள். சுற்றிலும் பார்த்துக்கொண்டு மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. ஒம்பது வூட்லயும் நீதான் போட்ட. உங்க வூட்ல மட்டும் ஏன் இப்டி ஆச்சி? எங்க வூட்ல நல்லா ஓடிகினு கீதே.”

“ட்ரிப்பர் வுழறது இல்லியா சித்தப்பா?”

“அதத்தான் உங்கப்பா வந்து சரி பண்ணிட்டாரே. எல்லா வூட்டுக்கும் போனாரு. அப்புறம் ஒரு தபா வுழல. டீ கூட குடிக்கல மனுசன். அந்தக் கைராசி உனுக்கு இல்ல, இன்னா சொல்ற.”

பஸ் வந்தது. ஜெயவேல் ஏறிக்கொண்டார். அவள் ஏறவில்லை.

ஒன்பது வீடு. ஒன்று முடிந்துவிட்டது. எட்டு வீட்டுக் குழியில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மோட்டார் அதிரும்போது வயர் சட்டத்தில் உரசும். எங்கே, எப்போது என்பதுதான் பாக்கி. அன்று அவள் அந்த முறுக்கை மறைக்காமல் விட்டிருந்தால், அதிகாரி பார்த்திருப்பார், அன்றே எட்டு வீடும் தெரிந்திருக்கும். அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து எட்டு வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் அவ்வளவு தப்பில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் வாய் வரவில்லை. அப்பா பெயரைச் சொல்லாமல் செய்யப் பார்த்தாள். ஒவ்வொரு வீடாகப் போய், “ட்ரிப்பர ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்” என்றாள். யாரும் உள்ளே விடவில்லை. ‘உன் கை பட்டது போதும்’ என்றார்கள். “மழ வர வரைக்கும் மோட்டார் போடாதீங்க” என்றாள். ‘அப்பன் செத்ததுல புத்தி பெரண்டுடுச்சி’ என்றார்கள். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் தெருவில் எல்லாத் தறியும் கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருந்தாள்.

ஆனி முதல் வாரம் மாதாந்திர மின்நிறுத்தம். சாயங்காலம் வரை கரண்ட் வராது என்று சொல்லியிருந்தார்கள். மோட்டார்த் தறிகள் நின்ற தெரு அவளுக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. குழியில் ஊற்றுகிற தண்ணீருக்குத் தனிச் சத்தம். மண் குடிக்கிற சத்தம். கிருஷ்ணம்மாள், கரண்ட் வந்ததும் உட்காரத் தயாராகிறாள்.

சோபியா எழுந்து போனாள். செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே நுழைந்து நேராகப் போர்டுக்குப் போனாள்.

கிருஷ்ணம்மாள் குறுக்கே வந்து நின்றாள். “எங்கடி வர?”

“அத்த, அந்த போர்ட ஒரு தபா தெறக்கணும். அஞ்சே நிமிஷம்.”

“தெறப்ப. அப்பன அனுப்பின எடத்துக்கு என்னயும் அனுப்பப் பாக்கறியா? போடி வெளிய.”

“சொன்னா கேளு அத்த. குழியில கால வெக்காத.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே ஃபேன் சுற்றியது. சாயங்காலம் என்று சொன்ன கரண்ட் மத்தியானமே வந்துவிட்டது. தெருவில் ஒரு தறி, இரண்டு தறி என்று கேட்க ஆரம்பித்தது. கிருஷ்ணம்மாள் சுவரைப் பிடித்துத் தறிக்கு நகர்ந்தாள். “வெள்ளிக்கெழம சேல குடுக்கணும். உன்னாண்ட வாயாட நேரமில்ல.”

சோபியா மெயினை அணைத்தாள். கிருஷ்ணம்மாள் திரும்பி வந்து போட்டாள். மறுபடி அணைத்தாள். இந்த முறை கிருஷ்ணம்மாள் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு மெயினைப் போட்டாள். “இன்னிக்கி அணைப்ப. நாளிக்கி? நான் தூங்கும்போது வந்து அணைப்பியா?”

அது சரியான கேள்வி. சோபியா அந்தக் கேள்வியோடுதான் தினமும் படுத்திருந்தாள்.

தறியில் பச்சைப் பாவு நீட்டிக் கட்டியிருந்தது. நாலாயிரம் இழைக்குமேல். ஒரு சேலை முடிந்து இரண்டாவது பாதியில் நின்றது. தறிக்கட்டையில் கத்தரிக்கோல் தொங்கியது. நெசவு வீட்டில் பிறந்த யாரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. பிணத்தை எட்டி உதைத்தவனைக்கூட மன்னிப்பார்கள். அடுத்தவர் பாவை அறுத்தவரை மன்னிக்கமாட்டார்கள்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தறிக்குப் பின்பக்கம் போனாள். இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குப் பின்னால், பாவு விரிந்து நிற்கும் இடத்தில், கொத்துக் கொத்தாகப் பிடித்து வெட்டினாள். பட்டு வெட்டுப்படும்போது அதிகச் சத்தம் வராது. கிருஷ்ணம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதிப் பாவு தரையில் கிடந்தது. மீதியையும் வெட்டினாள். பாவு இல்லாத தறியில் யாரும் உட்காரமாட்டார்கள்.

கிருஷ்ணம்மாள் போட்ட சத்தத்தில் தெருத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வந்தார்கள். யாரோ அவள் கன்னத்தில் அறைந்தார்கள். யார் என்று அவள் பார்க்கவில்லை. ஜெயவேல் பாவைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடிப்பாவி. ஏன்டி அறுத்த? வாயத் தெறந்து சொல்லு.”

இனி சொல்லாமல் முடியாது. “அந்த போர்ட தெறங்க சித்தப்பா” என்றாள். “மெயின அணச்சிட்டுத் தெறங்க.”

ஜெயவேல் திறந்தார். உள்ளே முறுக்கிய கம்பி. டேப். அதன்மேல் பச்சை இழை.

“இது எங்கப்பா கட்டுனது. ட்ரிப்பர் சும்மா நிக்கிது, கரண்ட் அதுக்குள்ள போவல. கசிஞ்சா ஆளத்தான் புடிக்கும். எங்க வூட்லயும் இப்டிதான் கட்டியிருந்தாரு. அதுலதான் செத்தாரு. நான் அவுத்து மறைச்சிட்டேன்.” சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். “உங்க எல்லார் வூட்லயும் கட்டியிருக்காரு.”

ஜெயவேல் அந்த இழையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். “எங்க வூட்ல மஞ்ச நூலு” என்றார். “அழகுக்கு சுத்தறாருன்னு நெனச்சேன்.” பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மற்றவர்களும் போனார்கள். பொழுது சாய்வதற்குள் எட்டு வீட்டு மோட்டாரும் நின்றது. நாலு வீட்டில் வயரின் தோல் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. ஜெயவேல் வீட்டில் செம்பே தெரிந்தது.

அதற்காக யாரும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் குழாயடியில் புதுப் பேச்சு கிளம்பியது. ‘எட்டு உசுரக் காப்பாத்தினா’ என்றாள் ஒருத்தி. ‘செத்த அப்பன் பேர நாறடிச்சிட்டா, பெத்த பொண்ணு செய்யற வேலையா?’ என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் சோபியா வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ராபர்ட் போன் செய்தான். “அவர ஏன் இழுத்த?” என்று மட்டும் கேட்டான். அவள் பதில் தேடுவதற்குள் வைத்துவிட்டான். அன்று அவள் முதல்முறையாகச் சத்தமாக அழுதாள். அந்த வீட்டில் சத்தத்துக்கு யாரும் எழுந்து வரப்போவதில்லை என்பதால் நிறுத்த அவசரமில்லை.

விடிந்ததும் ஒரு கோரைப்பாயை எடுத்துக்கொண்டு கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே போய்ப் பாயைத் தறிக்குப் பின்னால் விரித்தாள். அறுந்த இழையில் ஒரு முனை, விழுதில் தொங்கும் இழையில் ஒரு முனை. இரண்டையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து பழகியது. ஒருத்தி முனை எடுத்துக் கொடுக்க, ஒருத்தி முறுக்கினால் சீக்கிரம் ஆகும். அவள் தானே எடுத்துத் தானே முறுக்கினாள். கிருஷ்ணம்மாள் அன்று முழுக்க அடுப்பங்கரையிலேயே இருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் கிருஷ்ணம்மாள் ஒரு கிண்ணத்தில் சலித்த சாம்பலைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். கீழே கிடந்த பாவிலிருந்து ஒரு முனையை எடுத்து நீட்டினாள். சோபியா வாங்கி முறுக்கினாள். அடுத்தது நீட்டினாள். அதையும் முறுக்கினாள். ஒரு சாண் அகலத்துக்குப் பாவு சேர்ந்தபிறகுதான் கிருஷ்ணம்மாள் வாயைத் திறந்தாள்.

“வயித்தெரிச்சல்ல அறுக்கறவ முன்னால அறுத்திருப்பா. இழ அத்தினியும் அச்சுப் பல்லுலேருந்து உருவிகினு போயிருக்கும். தறியே பாழு.” ஒரு முனையைக் கொடுத்தாள். “நீ விழுதுக்குப் பின்னால அறுத்துகீற. திருப்பி சேக்கற மாதிரி. அன்னிக்கே பாத்தேன்.”

சோபியா முறுக்கினாள்.

“பாத்துகினு ஏன் சும்மா இருந்தன்னு கேக்க மாட்டியா?”

“சொல்லு அத்த.”

“உங்கப்பா மாட்டேன்னுதான் சொன்னாரு. பொண்ணு வச்சது, அது வுழுந்தா வுழுட்டும் தங்கச்சின்னாரு. நான்தான் முட்டியத் தூக்கிக் காட்டி அழுதேன். எழுந்து எழுந்து உக்கார முடியலண்ணேன்னு. மொதல்ல என் வூட்லதான் கட்டுனாரு. அப்புறம்தான் ஊருக்கு. கடசியாதான் உங்க வூட்ல.” அவள் கீழே கிடந்த பாவில் அடுத்த முனையைத் தேடினாள். “அவர் செத்த அன்னிலேருந்து அதாலதானோன்னு மனசு அரிக்கும், இருக்காதுன்னு தள்ளுவேன். உன்ன வைய வைய எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்துச்சி. அதுக்குதான் வைதேன்.”

சோபியாவின் விரலில் இருந்த இழை நழுவி மற்ற இழைகளோடு சேர்ந்துகொண்டது. எது என்று தெரியவில்லை. குனிந்து தேடினாள். கண் மறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வேட்டி மூடிய தறியில், அப்பா பாதியில் விட்ட அரக்குச் சேலை இருந்தது. அதை யார் முடிப்பது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

தேடிய இழை கிடைத்தது. சாம்பலில் விரலைத் தொட்டு முறுக்கி முடித்தாள்.

“அடுத்தது குடு அத்த” என்றாள்.

கிருஷ்ணம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.